புரோஸ்டேட் கட்டியை உறையவைத்து ஆராய எந்த வழி? பினாங்கு மாணவி ஒருவருக்காக ஓர் ஒப்பீடு

பினாங்கில் முதுகலை ஆய்வைத் தொடங்கவிருக்கும் மாணவி ஒருவர் சென்ற மாதம் தம் ஆய்வுத் திட்டத்தின் முதல் வரைவோடு என் அறைக்கு வந்தார். கடுங்குளிரைக் கொண்டு புரோஸ்டேட் சுரப்பியின் புற்றுக்கட்டியை அழிப்பதே அவர் எடுத்துக்கொண்ட பொருள். மனிதப் புற்றணுக்களைத் தோலடியில் ஏற்றி வளர்த்த சுண்டெலிகள், ஆர்கன் வாயுவால் குளிரும் ஊசி, முழுப் பணிக்கும் இரண்டு ஆண்டுகள் என்று எல்லாமே ஒரு பக்கத்தில் அடங்கியிருந்தன. "விலங்கில் செய்து காட்டினால்தானே சார் மதிப்பார்கள்?" என்று கேட்டார். தட்டில் வளரும் உயிரணு, கூழ்மத்துக்குள் வளரும் உயிரணு, சுண்டெலி, நாய் என்று இத்துறையில் இதுவரை கையாளப்பட்ட வழிகள் பல. குளிரைத் தரும் பொருள்களும் பல. ஒரு சிறிய ஆய்வகம் அவற்றுள் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று அவருக்குச் சொன்னதை, இதே கேள்வியோடு வரும் மற்ற மாணவர்களுக்கும் பயன்படட்டும் என்று சற்று விரித்து எழுதுகிறேன்.

வழியைத் தேர்வதற்கு முன் கேள்வியைச் சரியாக வைக்க வேண்டும். மருத்துவமனையில் இச்சிகிச்சை நடைபெறும்போது, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தோலின் வழியே மெல்லிய ஊசிகள் சுரப்பிக்குள் செலுத்தப்படுகின்றன. ஊசிமுனையைச் சுற்றிப் பனிக்கட்டி உருண்டையாகத் திரண்டு வளர்கிறது. மலக்குடலில் வைத்த அல்ட்ராசவுண்ட் கருவி அதன் ஓரத்தைத் திரையில் வெண்கோடாகக் காட்டுகிறது. சிறுநீர்க்குழாய் உறைந்துவிடாதபடி அதனுள் வெதுவெதுப்பான நீர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஊசியை ஒட்டிய இடத்தில் வெப்பநிலை −100 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்கும். அங்கே எந்த உயிரணுவும் பிழைப்பதில்லை. ஆனால் திரையில் தெரியும் வெண்கோடு ஏறத்தாழ 0 பாகைக்குரியது. புற்றணுக்கள் உறுதியாக மடிய −40 பாகை வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. அந்த எல்லையோ வெண்கோட்டுக்குச் சில மில்லிமீட்டர் உள்ளே கிடக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட பட்டையில் சில உயிரணுக்கள் மடிகின்றன, சில காயத்தோடு தேறிவிடுகின்றன. கோளத்தை இன்னும் பெரிதாக்கலாமே என்றால், சுரப்பியின் பின்புறத்தை ஒட்டியே மலக்குடற்சுவர் இருக்கிறது. அது உறைந்து ஓட்டை விழுந்தால் நோயை விடச் சிகிச்சை கொடியதாகிவிடும்.

எனவே கடுங்குளிர் புற்றணுவைக் கொல்லுமா என்பது ஆய்வுக்குரிய கேள்வியே அன்று. கோளத்தின் நடுவில் நிகழ்வது தெரிந்த கதை. விளிம்பில் நிகழ்வதுதான் இன்னும் துலங்க வேண்டியது. ஒவ்வொரு வழியையும் நான் இந்த ஓர் அளவுகோலால்தான் அளக்கிறேன்: விளிம்பை அது எவ்வளவு தெளிவாகக் காட்டுகிறது?

குளிர் கொல்லும் விதமும் ஒன்றன்று. திசு மெதுவாகக் குளிர்ந்தால் உயிரணுக்களுக்கு வெளியே உள்ள நீர் முதலில் உறைகிறது. எஞ்சிய நீரில் உப்புச் செறிவு ஏற, உள்ளிருக்கும் நீர் வெளியே இழுக்கப்பட்டு உயிரணு வற்றிச் சுருங்குகிறது. விரைவாகக் குளிர்ந்தால் நீர் வெளியேற நேரமிருக்காது. படிகம் உயிரணுவுக்குள்ளேயே உருவாகி உள்ளுறுப்புகளைச் சிதைக்கிறது. குளிரும் வேகத்தைப் பொறுத்துச் சாவின் காரணம் மாறுகிறது என்ற இந்த இருகாரணக் கொள்கையைப் பீட்டர் மேசரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1972இல் முன்வைத்தனர். உருகும்போதும் சேதம் நிற்பதில்லை. மெதுவாக உருகவிட்டால் சிறு படிகங்கள் ஒன்றுகூடிப் பெரும் படிகங்களாகி மேலும் நசுக்குகின்றன. அதனால்தான் விரைந்து உறையவைத்து, மெதுவாக உருகவிட்டு, மறுபடியும் ஒருமுறை உறையவைப்பது வழக்கமாயிற்று. பிறகு, உருகிய திசுவில் சிறு குருதிக்குழாய்களின் உட்சுவர் சேதமுற்று, இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதால், தப்பிய உயிரணுக்களும் ஊட்டமின்றி மடிகின்றன. கடைசியாக, தப்பியதுபோல் தோன்றும் சில உயிரணுக்கள் அடுத்த ஓரிரு நாளில் தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன. ஊசியருகே வேகம் அதிகம், விளிம்பில் வேகம் குறைவு என்பதால், இந்தச் சாவுகள் ஒரே கோளத்துக்குள் இடத்துக்கு இடம் வேறுபடும்.

இனி வழிகளுக்கு வருவோம். மிக எளியது, வளர்ப்புத் தட்டிலோ சிறு குழாயிலோ உள்ள உயிரணுக்களைக் குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கொண்டுபோய், குறிப்பிட்ட நேரம் வைத்து, உருக்கி எண்ணிப் பார்ப்பது. குளிரும் வேகம், எட்டும் குளிர், தங்கும் நேரம், உறைந்து உருகும் சுற்றுகளின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் தனித்தனியே மாற்றிப் பார்க்க இதைவிடத் தோதான வழி இல்லை. போரிஸ் ரூபின்ஸ்கியின் குழுவினர் 1996இல் மனிதப் புரோஸ்டேட் புற்றணுக்களை இவ்வாறுதான் உறையவைத்து ஆராய்ந்தனர். இரண்டாம் சுற்று எவ்வளவு முக்கியம் என்பது இத்தகைய எளிய ஆய்வுகளிலிருந்தே தெளிந்தது. செலவும் குறைவு, தவறினால் மறுவாரம் மீண்டும் செய்யலாம்.

ஆனால் எளியதில்தான் ஏமாற்றமும் அதிகம். ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவான நீர்மம், சுத்தமான குழாயில், −5 பாகையிலும் −10 பாகையிலும் உறையாமல் நீர்மமாகவே இருக்கக்கூடும்; வெப்பமானி −10 என்று காட்டும், உள்ளே ஒரு துளிப் பனிக்கட்டியும் இராது. பல ஆண்டுகளுக்கு முன் நானே இப்படி ஒரு முழுப் பருவத்தை வீணாக்கினேன். −10 பாகையில் உயிரணுக்கள் வியக்கத்தக்க அளவு பிழைக்கின்றன என்று வரைபடம் வரைந்து, அதற்கு விளக்கமும் எழுதி, கடைசியில் பாதிக் குழாய்கள் உறையவே இல்லை என்று கண்டபோது அந்த வரைபடத்தைக் கிழிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. குழாயின் வெளிப்புறத்தைக் குளிர்ந்த இடுக்கியால் தொட்டு, 0 பாகைக்குச் சற்றுக் கீழேயே பனிப்படிகத்தைத் தொடங்கிவைத்தால் இந்தத் தொல்லை தீரும். உண்மையான திசுவிலோ பனிக்கட்டி ஊசியிலிருந்து தொடர்ந்து பரவி வருவதால் இப்படி நேர்வதில்லை. அதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. ஒரு குழாய் என்பது ஒரு வெப்பநிலை மட்டுமே. விளிம்பு என்பது வெப்பநிலைகளின் சரிவு. குழாயில் சரிவு இல்லை.

இரண்டாவது வழி, உயிரணுக்களைக் கொலாஜன் என்னும் புரதத்தாலான கூழ்மத்துக்குள் கலந்து, முப்பரிமாணமாக வளரவிட்டு, நடுவில் குளிரூசியைச் செருகுவது. இங்கே ஒரே தட்டில் முழுக் கோளமும் கிடைக்கிறது. ஊசியிலிருந்து 2, 4, 6, 8 மில்லிமீட்டர் தொலைவுகளில் வெப்பநிலையை அளக்கும் வெப்பமின்னிரட்டைக் கம்பிகளைப் புதைத்துவைத்தால், எந்தப் புள்ளி எந்த வேகத்தில் எந்தக் குளிரை எட்டியது என்பது பதிவாகிவிடும். உருகிய பிறகு, உயிருள்ளவற்றைப் பச்சையாகவும் இறந்தவற்றைச் சிவப்பாகவும் ஒளிரவைக்கும் சாயத்தை ஊற்றினால், சிவப்பு வட்டமும் பச்சை வளையமும் அவற்றுக்கிடையே இரண்டும் கலந்த பட்டையும் கண்ணெதிரே விரியும். நாம் தேடும் விளிம்பு அந்தக் கலந்த பட்டைதான். கூழ்மத்தில் இரத்தவோட்டம் இல்லை என்பது உண்மையான குறை. தட்டை 37 பாகை நீரில் அமிழ்த்தி வைத்தால் உடல் தரும் வெப்பச் சுமையை ஓரளவு போலச் செய்யலாம். குழாய்கள் அடைபட்டு நேரும் சாவை மட்டும் எவ்விதத்திலும் போலச் செய்ய முடியாது.

மூன்றாவது, மாணவியின் விருப்பமான சுண்டெலி. மேலே சொன்ன சாவுகள் எல்லாமே அதில் நிகழும் என்பதால் அதன்மேல் அவருக்குள்ள மதிப்பு நியாயமானதே. எனினும் அவர் கவனிக்காத ஒன்றைச் சுட்டிக்காட்டினேன். தோலடியில் வளரும் கட்டியின் விட்டம் 8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஊசி உண்டாக்கும் கோளம் அதை முழுதாக விழுங்கிவிடும். விளிம்பு கட்டிக்கு வெளியே, தோலிலும் தசையிலும் போய் விழும். கட்டி மறைந்தது என்ற மகிழ்ச்சியான முடிவு கிடைக்கும். நாம் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்காது. விளிம்பைக் கட்டிக்குள்ளேயே நிறுத்த வேண்டுமானால் பாதியில் உறைவை நிறுத்தும் கைப்பழக்கம் வேண்டும். அது முதலாண்டு மாணவருக்கு வாய்ப்பதன்று. 25 கிராம் எடையுள்ள உயிரினத்தின் உடலில் ஒரு மூலையை உறையவைத்தால் முழு உடலும் குளிர்ந்து போகும் என்பதையும் மறக்கலாகாது; கீழே சூடான மெத்தை இல்லாமல் தொடங்கவே கூடாது.

மனிதப் புற்றணுக்களை ஏற்பதற்காகப் பயன்படும் உரோமமற்ற சுண்டெலிக்குத் தைமஸ் சுரப்பி இல்லை. எனவே அச்சுரப்பியில் முதிர்ந்து நோயை எதிர்க்கும் டி-உயிரணுக்களும் முறையாக இல்லை. இது சிறிய குறையன்று. 1960களில் நியூயார்க் மாநிலத்தில் கோண்டர், சோன்ஸ் என்னும் மருத்துவர்கள் புரோஸ்டேட்டை உறையவைக்கும் சிகிச்சையை முயன்றபோது, சில நோயாளிகளுக்கு உறையவைக்காத தொலைதூரக் கட்டிகளும் சுருங்கியதாகக் குறித்தனர். உறைந்து சிதைந்த திசு, உடலின் நோயெதிர்ப்பைத் தூண்டுகிறதோ என்ற ஐயத்தில் ரிச்சர்டு அப்லின் புரோஸ்டேட் திசுவின் எதிர்ப்பொருளூக்கிகளை, அதாவது நோயெதிர்ப்பைத் தூண்டும் பொருள்களை, ஆராய்ந்து 1970இல் வெளியிட்டார். இன்று ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் பலரும் கேள்விப்பட்டிருக்கும் பி.எஸ்.ஏ. என்னும் புரோஸ்டேட் புரதத்தை அளக்கும் இரத்தப் பரிசோதனையின் வரலாற்றில் அந்த ஆய்வுக்கும் இடமுண்டு. குளிரைத் தேடிப் போனவர்களுக்கு வழியில் கிடைத்த பொருள் அது. பின்னர் 2012இல் ஜேம்ஸ் அலிசனின் குழுவினர், நோயெதிர்ப்பு குறைவுபடாத சுண்டெலிகளில் டிராம்ப்-சி2 என்னும் சுண்டெலிப் புரோஸ்டேட் புற்றணுக்களை வளர்த்து, கட்டியை உறையவைப்பதோடு நோயெதிர்ப்பின் தடையை நீக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால், வேறிடத்தில் ஏற்றிய இரண்டாவது கட்டியின் வளர்ச்சியும் தடைபடுகிறது என்று காட்டினர். மாணவியின் கேள்வி நோயெதிர்ப்பைப் பற்றியதாக இருந்திருந்தால், கூழ்மத்தைப் பற்றிப் பேசவே இடமில்லை. சுண்டெலிதான், அதுவும் இவ்வகைச் சுண்டெலிதான் என்று சொல்லியிருப்பேன். அவருடைய கேள்வி அதுவன்று. மலேசியாவில் 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டமும் பல்கலைக்கழகங்களின் விலங்கு நெறிமுறைக் குழுக்களும் கேட்கும் முதற்கேள்வியும், விலங்கின்றி இதற்கு விடை காண முடியாதா என்பதுதான். காண முடியும் என்னும்போது விண்ணப்பம் எழுதுவது எப்படி?

நாயைப் பற்றி ஒரு சொல் போதும். மனிதரைத் தவிர, தானாகவே புரோஸ்டேட் புற்றுநோய் வருவது ஓரளவு பரவலாகக் காணப்படும் விலங்கு அது. கோண்டரும் சோன்சும் 1964இல் தொடங்கியதும் அதில்தான். நம் மாணவர்களின் காலத்துக்கும் கைக்கும் அது அப்பாற்பட்டது.

குளிரைத் தரும் பொருளைத் தேர்வதில் ஆசைக்கே அதிக இடம் கிடைக்கிறது. பினாங்குத் தெருக்களில் ஐஸ்கிரீம் விற்றவர்கள் பனிக்கட்டியில் உப்பைக் கொட்டி வண்டிப் பெட்டியைக் குளிரவைத்த அதே உத்தியைத்தான், இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஆர்னட் 1850ஐ ஒட்டிய ஆண்டுகளில் புற்றுப்புண்களின் மேல் பயன்படுத்தினார். அது சுமார் −20 பாகையோடு நின்றுவிடும். −40ஐத் தாண்டிப் பார்க்க உதவாது. உலர் பனிக்கட்டியை எத்தனாலில் இட்டால் −78 பாகை வரை போகலாம். குழாய்களை அமிழ்த்த இது போதும், பாதுகாப்பானதும் கூட. திரவ நைட்ரஜன் −196 பாகை; 1961இல் இர்விங் கூப்பர் அதை ஒரு குழலூசிக்குள் ஓடவிட்ட பிறகுதான் உடலின் உள்ளாழத்தை உறையவைப்பது சாத்தியமாயிற்று. ஆர்கன், உயர் அழுத்தத்திலிருந்து நுண்துளை வழியே விரியும்போது தானே குளிர்ந்து −186 பாகையை நெருங்கும். ஹீலியம் அதே துளையில் விரிந்தால் சூடேறும். ஒரே ஊசியில் இரண்டையும் மாற்றி மாற்றி விட்டு, உறைவையும் உருகலையும் நொடிக்கணக்கில் கட்டுப்படுத்தலாம் என்பதால் மருத்துவமனைகள் அதை விரும்புகின்றன. ஆய்வகத்துக்கு அந்தக் கருவியும் அழுத்த உருளைகளும் பெருஞ்சுமை. அதைவிட முக்கியமாக, உருகலை மெதுவாக நிகழவிடுவதே நமக்கு வேண்டியதாக இருக்கும்போது, விரைவில் உருக்கும் வசதிக்குப் பணம் கட்டுவதில் பொருளில்லை.

ஆகவே திரவ நைட்ரஜனால் குளிரும் எளிய செப்பூசியே என் தேர்வு. நம் ஊரின் ஈரக்காற்றில் ஊசித்தண்டின் மேல் நிமிடங்களில் வெண்பனி படியும். அதைச் சுற்றி நுரைக்காப்பு இடாவிட்டால் கூழ்மத்தின் மேற்பரப்பு உட்புறத்தை விட முன்னதாக உறைந்து கோளத்தின் வடிவம் கெடும். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகும்; குளிர்சாதனத்துக்காகச் சன்னல்களை இறுக மூடிய நம் சிறு அறைகளில் அது உயிர்வளியை (ஆக்சிஜனை) தள்ளிவிடும் என்பதால், உயிர்வளி அளவு குறைந்தால் ஒலி எழுப்பும் கருவி இல்லாத அறையில் தொடங்க நான் ஒப்புவதில்லை. குழாயைத் திரவ நைட்ரஜனுக்குள் நேரடியாகப் போடுவோருக்கு இன்னொன்று: சுற்றிலும் வாயுப்படலம் சூழ்ந்துகொள்வதால் அது எதிர்பார்த்த வேகத்தில் குளிராது.

ஆய்வகத்தில் தொடர்ந்து பெருக்கி வைத்திருக்கும் உயிரணு வரிசையின் தேர்வைப் பலரும் குளிர்ப்பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் செய்கிறார்கள். பி.சி.-3 எலும்புக்குப் பரவிய கட்டியிலிருந்தும், டி.யூ.-145 மூளைக்குப் பரவிய கட்டியிலிருந்தும், எல்.என்.கேப் நிணநீர்க் கணுவிலிருந்தும் 1970களின் இறுதியில் வந்தவை. மூன்றுமே சுரப்பியை விட்டு வெளியேறியவை. உறைவுச் சிகிச்சையோ சுரப்பிக்குள்ளேயே இருக்கும் கட்டிக்கு உரியது. இம்முரண்பாட்டை ஆய்வேட்டில் மறைக்காமல் எழுத வேண்டும். ஆண் இயக்குநீரை (ஹார்மோனை) சார்ந்து வளரும் எல்.என்.கேப், அதைச் சாராத பி.சி.-3 ஆகிய இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதே முறை. இயக்குநீரைச் சாராத வகை குளிரையும் கூடுதலாகத் தாங்குகிறது என்று ஜான் பாஸ்ட், ஆண்ட்ரூ கேஜ் ஆகியோரின் குழுவினர் 2007இல் காட்டியுள்ளனர். ஒன்றை மட்டும் வைத்து விளிம்பை அளந்தால், அந்த எல்லை மற்றதற்குப் பொருந்தாது. எல்.என்.கேப் தட்டில் உறுதியாக ஒட்டாது, கழுவும்போதே பெயர்ந்து போகும். பெயர்ந்ததை இறந்ததாக எண்ணிவிடுவோர் உண்டு. கூழ்மத்துக்குள் அது சிக்கியிருப்பதால் அந்தப் பிழைக்கு அங்கே இடமில்லை. கூழ்மத்தை நான் விரும்புவதற்கு இது இன்னொரு காரணம்.

இறப்பை எப்போது எண்ணுவது என்பதில்தான் பெரும்பாலான ஆய்வேடுகள் சறுக்குகின்றன. உருகிய உடனே சாயம் ஊற்றினால், சவ்வு கிழியாத உயிரணுக்கள் எல்லாம் பச்சையாகவே தெரியும். மறுநாள் அவற்றுள் பல சிவந்திருக்கும். மூன்றாம் நாளுக்குப் பிறகு, தேறியவை பெருகத் தொடங்குவதால் பச்சை மீண்டும் ஏறும். எனவே உடனே ஒருமுறை, ஒரு நாள் கழித்து, மூன்று நாள் கழித்து, ஏழு நாள் கழித்து என நான்கு முறையாவது பார்க்க வேண்டும். எந்த நாளின் விளிம்பு என்று குறிப்பிடாமல் வெறுமனே விளிம்பு என்று எழுதுவதில் பயனில்லை. சுண்டெலியில் இந்த நான்கு வேளைக்கும் நான்கு தொகுதி விலங்குகளைக் கொல்ல வேண்டும். கூழ்மத்தில் நான்கு தட்டுகள் போதும்.

இரண்டாம் ஆண்டுக்கும் வேலை இருக்கிறது. கோளத்தைப் பெரிதாக்காமல், கொல்லும் எல்லையை வெண்கோட்டை நோக்கித் தள்ள முடியுமா என்பது இத்துறையின் பழைய கனவு. குளிர்கடல் மீன்களின் உறைவெதிர்ப்புப் புரதம் பனிப்படிகத்தை ஊசிவடிவமாக்கி உயிரணுவைக் குத்தும் என்று ரூபின்ஸ்கி குழுவினர் 1990களின் பிற்பகுதியில் முயன்று பார்த்தனர். புற்றுமருந்தைச் சிறிதளவு முன்னதாகக் கொடுத்துவிட்டு உறையவைத்தால், இரண்டும் தனித்தனியே கொல்வதைக் காட்டிலும் கூடுதலாகப் பி.சி.-3 உயிரணுக்கள் மடிவதை 2001இல் பாஸ்ட் குழுவினர் கண்டனர். முதலாண்டில் அளந்த விளிம்பு கையில் இருந்தால், மருந்துக்குப் பின் அது எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று இரண்டாம் ஆண்டில் அளக்கலாம். அந்த எண் கிடைத்த பிறகு சுண்டெலிக்கு விண்ணப்பித்தால், எத்தனை விலங்குகள், எந்த அளவுக் கட்டி, எவ்வளவு நேர உறைவு என்பவற்றுக்கெல்லாம் அவரிடம் காரணம் இருக்கும்.

மாணவி வரைவைத் திருத்திக் கொண்டுவந்துவிட்டார். கொலாஜன் கூழ்மம், திரவ நைட்ரஜன் ஊசி, இரண்டு உயிரணு வரிசைகள், நான்கு வேளைக் கணக்கு. முதலிரண்டு வாரங்களுக்கு உயிரணு எதையும் கலக்காமல் வெறும் கூழ்மத்தை உறையவைத்து வெப்பநிலையை மட்டும் பதிவுசெய்யுமாறு நான் சேர்த்த வரியைப் பார்த்து அவர் முகம் வாடியது. "இரண்டு வாரமும் வெறும் கூழ்மமா, சார்?" என்றார். ஒரே தொலைவில் வைத்த மூன்று கம்பிகளும் தொடர்ந்து ஐந்து முறை, ஒன்றுக்கொன்று 2 பாகைக்கு மேல் வேறுபடாமல் காட்டினால் அன்றே நிறுத்திக்கொள்ளலாம் என்றேன். அடுத்த திங்கட்கிழமை தொடங்குகிறார்.